உறவு கசந்ததால் சோர்வா, சோர்ந்ததால் கசப்பா?

மனம் சோர்ந்தவருக்கு உறவு கசக்கிறது. உறவு கசந்தவருக்கு மனம் சோர்கிறது. இரண்டும் சேர்ந்தே வரும் என்பதில் உளவியல் ஆய்வாளர்களிடையே சர்ச்சை இல்லை. அமெரிக்க உளவியலாளர் மார்க் விஸ்மன் 2001-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார். மணவாழ்க்கைத் திருப்திக்கும் சோர்வு அறிகுறிகளுக்கும் இடையிலான ஒட்டுறவு மனைவியரிடம் மைனஸ் 0.42 ஆகவும் கணவர்களிடம் மைனஸ் 0.37 ஆகவும் இருந்தது. ஒன்று இறங்கினால் மற்றது ஏறுகிறது என்பது இதன் பொருள். மனைவியர் ஒருவருக்கொருவர் சோர்வில் வேறுபடுவதில் ஏறத்தாழ 18 விழுக்காட்டையும், கணவர்கள் வேறுபடுவதில் 14 விழுக்காட்டையும் மணவாழ்க்கைத் திருப்தியோடு பொருத்திக் காட்டலாம். மிச்சமுள்ள பெரும்பகுதி பரம்பரை, உடல்நலம், வேலை, கடன், இழப்பு என்று வேறு இடங்களிலிருந்து வருகிறது. பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையில் இங்கே தெரியும் வித்தியாசம் சிறியது. அதன்மேல் எழுப்பப்பட்ட கோட்பாடுகள்தான் பெரியவை.

இந்த ஆய்வுகளில் சோர்வு என்பது பெரும்பாலும் மருத்துவர் முடிவு செய்த நோய் அல்ல. வினாத்தாளில் எடுத்த மதிப்பெண். ஆரன் பெக் 1961-ல் வெளியிட்ட 21 கேள்விப் பட்டியலும், லெனோர் ராட்லாஃப் 1977-ல் வெளியிட்ட 20 கேள்விப் பட்டியலும் அதிகம் பயன்பட்டவை. தூக்கம், பசி, அழுகை, குற்றவுணர்வு, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவற்றை அவை கேட்கின்றன. உறவுத் திருப்தியை அளக்க கிரகாம் ஸ்பேனியர் 1976-ல் வகுத்த 32 கேள்விகள் நெடுநாள் கையாளப்பட்டன. இரண்டு தாள்களையும் நிரப்புபவர் ஒருவரே என்பது ஆரம்பத்திலேயே கவனிக்கவேண்டிய சங்கதி. சோர்ந்த கண்ணுக்கு எல்லாமே மங்கலாகத் தெரியும். துணையின் குணமும் அதில் சேரும். இரண்டு தாள்களும் ஓரளவு ஒரே மனநிலையைத்தான் இருமுறை பதிவு செய்கின்றனவோ என்ற சந்தேகம் இந்தத் துறையை விட்டு முழுமையாக அகன்றதில்லை.

எது முந்தியது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் எதிரெதிராக வளர்ந்தன. ஸ்டீவன் பீச், எவலின் சாண்டீன், டேனியல் ஓ'லியரி மூவரும் 1990-ல் எழுதிய நூல் மணவாழ்க்கைப் பிணக்கைக் காரணமாகவும் சோர்வை விளைவாகவும் வைத்தது. கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தால், ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பது நின்றுபோகிறது. மனம்விட்டுப் பேச ஆள் இல்லாமல் போகிறது. அன்றாட உதவியும் குறைகிறது. தாங்குவது போனதோடு நிற்பதில்லை. குத்தல் பேச்சு, மிரட்டல், பிரிந்துபோவேன் என்ற அச்சுறுத்தல் என்று புதிய சுமைகள் ஏறுகின்றன. சோர்வு அங்கிருந்து பிறக்கிறது என்பது அவர்கள் வாதம்.

மறுபக்கத்தில் ஜேம்ஸ் கோய்ன் 1976-ல் எதிர்த்திசையைக் காட்டினார். கல்லூரி மாணவியர் சிலரைச் சோர்வு நோயாளிகளோடும், வேறு சிலரைச் சோர்வில்லாதவர்களோடும் சுமார் இருபது நிமிடம் தொலைபேசியில் பேசவைத்தார். சோர்வு நோயாளிகளோடு பேசிய மாணவியருக்குத் தங்கள் மனமும் கனத்தது, எரிச்சல் வந்தது, மறுபடி அந்த ஆளோடு பழக விருப்பமும் குறைந்தது. முன்பின் தெரியாதவரோடு இருபது நிமிடத்திலேயே இப்படியென்றால், ஒரே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்பவரின் நிலையை யோசித்துக்கொள்ளலாம். சோர்ந்தவர் ‘என்மேல் உனக்குப் பிரியம் இருக்கிறதா’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். துணை உறுதி சொல்கிறார். சோர்ந்தவர் அதை நம்புவதில்லை, மீண்டும் கேட்கிறார். ஒரு கட்டத்தில் உறுதி சொல்பவரின் குரலில் அலுப்பு தட்டுகிறது. அந்த அலுப்பே தன் சந்தேகத்துக்குச் சான்று என்று சோர்ந்தவர் எடுத்துக்கொள்கிறார். கான்ஸ்டன்ஸ் ஹாம்மன் 1991-ல் இன்னொரு படி போனார். சோர்வுக்கு ஆளானவர்கள் நெருக்கடிகளைச் சந்திப்பவர்கள் மட்டுமல்லர், சில நெருக்கடிகளைத் தங்களையறியாமல் உண்டாக்குபவர்களும்கூட என்று பெண்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து எழுதினார். அப்படி உண்டான நெருக்கடிகளில் பிறரோடு வரும் பிணக்குகள் முக்கியமானவை.

இரண்டு வாதங்களுக்கும் இடையில், இரண்டுமே சரி, ஆனால் ஆளைப் பொறுத்து என்று ஒரு பதில் 1997-ல் வந்தது. ஃபிராங்க் ஃபின்சமும் பீச்சும் உடன் பணியாற்றியவர்களும் 150 புதுமணத் தம்பதியரை இருமுறை அளந்தார்கள். இடைவெளி 18 மாதம். மனைவியரிடம் முதல் அளவையில் திருப்தி குறைவாக இருந்தால் பிறகு சோர்வு கூடியது. கணவர்களிடம் முதலில் சோர்வு கூடுதலாக இருந்தால் பிறகு திருப்தி குறைந்தது. பெண்ணுக்கு உறவிலிருந்து மனத்துக்கு, ஆணுக்கு மனத்திலிருந்து உறவுக்கு என்று அம்புக்குறி எதிரெதிராகப் பாய்ந்தது. ஆய்வுக்கட்டுரையின் தலைப்பே காரண உறவு ஆண் பெண்ணுக்கு வேறுபடுமா என்ற கேள்விக்குறியோடுதான் நின்றது. பின்னாளில் அதை மேற்கோள் காட்டிய பலர் அந்தக் கேள்விக்குறியை விட்டுவிட்டார்கள்.

அந்த முடிவு அவ்வளவு எளிதாக ஏற்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. அதற்கான இடம் முன்பே தயாராக இருந்தது. சமூகவியலாளர் ஜெஸ்ஸி பெர்னார்ட் 1972-லேயே ஒவ்வொரு திருமணத்துக்குள்ளும் அவனுடையது ஒன்று, அவளுடையது ஒன்று என இரண்டு திருமணங்கள் இருக்கின்றன என்றும், அவனுடையதே மேலானது என்றும் எழுதியிருந்தார். டானா ஜாக் 1991-ல், சோர்வுக்கு ஆளான பெண்களைப் பேட்டி கண்டு, உறவு உடைந்துவிடக்கூடாது என்பதற்காகத் தன் கருத்தையும் கோபத்தையும் விழுங்கிக்கொள்வது பெண்களைச் சோர்வில் தள்ளுகிறது என்று விளக்கினார். உறவைக் கட்டிக்காப்பது தன் பொறுப்பு என்று வளர்க்கப்பட்டவளுக்கு, உறவு ஆட்டம் காணும்போது அது தன் தோல்வியாகவே படும். ஆணின் சுயமதிப்பு வேலை, வருமானம், திறமை என்று வேறு தூண்களிலும் நிற்பதால், வீட்டில் பிணக்கு வந்தாலும் முழுக்கச் சரிவதில்லை. ஆனால் அந்தத் தூண்களில் ஒன்று சாய்ந்து அவன் சோர்ந்தால், வீட்டில் வந்து ஒதுங்கிக்கொள்கிறான், உறவு கெடுகிறது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன. எளிதில் நினைவுக்கு வரும் உதாரணங்களைக் கொண்ட விளக்கங்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

எச்சரிக்கைக்கு வேலை சீக்கிரமே வந்தது. விஸ்மனும் மார்த்தா புரூஸும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் நியூ ஹேவன் வட்டாரத்தில் சோர்வு நோய் இல்லாத மணமானவர்களை ஓராண்டு கழித்து மீண்டும் பார்த்தது. திருமணத்தில் அதிருப்தி கொண்டவர்களுக்கு அந்த ஓராண்டில் சோர்வு நோய் வரும் வாய்ப்பு, திருப்தியானவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இந்த முறை அளக்கப்பட்டது வினாத்தாள் மதிப்பெண் அல்ல, நோய்நிர்ணயம். பெண்ணா ஆணா என்பதால் அந்த மடங்கு மாறவில்லை. உறவுக் கசப்பு ஆணின் மனத்தை எட்டுவதில்லை என்ற பாதி அங்கே அடிபட்டது.

அடுத்த அடி அளக்கும் முறையிலேயே விழுந்தது. இரண்டே வேளை அளந்து பார்க்கும் ஆய்வு, திருப்தி குறைந்த மனைவியரைத் திருப்தி மிகுந்த வேறு மனைவியரோடு ஒப்பிடுகிறது. அந்த இருவருக்கும் பிறவிக் குணம், வளர்ந்த வீடு, வருமானம் என்று ஆயிரம் வேறுபாடுகள் இருக்கலாம். வாழ்க்கையில் எழும் கேள்வியோ வேறு: ஒரே பெண்ணுக்கு, அவளுடைய வழக்கமான நிலையைவிட உறவு மோசமாகும் காலத்தில் மனமும் மோசமாகிறதா? இதற்கு ஒரே ஆளைப் பலமுறை அளக்க வேண்டும். ஜோவான் டாவிலா, பெஞ்சமின் கார்னி, தாமஸ் பிராட்பரி முதலியோர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு அதைச் செய்தது. புதுமணத் தம்பதியரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனச் சில ஆண்டுகள் தொடர்ந்தார்கள். இரு திசைகளிலும் அம்பு பாய்ந்தது, கணவருக்கும் மனைவிக்கும். பாலின வேறுபாடு அபூர்வமாகவே தலைகாட்டியது. எதற்கும் சட்டென்று கலங்கிவிடும் சுபாவம் இருப்பவர்களிடம்தான் உறவுக் கசப்பு சோர்வாக மாறும் வேகம் கூடியது. அதுவும் குறிப்பாகக் கணவர்களிடம். 1997-ன் சித்திரம் இங்கே கிட்டத்தட்டத் தலைகீழாகிறது.

உடல்நலத்திலும் இதே கதை நடந்தது. ஜானிஸ் கீக்கோல்ட்-கிளேசர் 1993-ல் 90 புதுமணத் தம்பதியரை ஓஹாயோவில் ஒரு மருத்துவமனை ஆய்வுப் பிரிவில் 24 மணி நேரம் தங்கவைத்து, அவர்கள் சச்சரவிடும்போதும் பிறகும் இரத்த மாதிரி எடுத்தார். கடுமையாகப் பேசிக்கொண்ட தம்பதியரின் நோய் எதிர்ப்புச் செயல்பாடு தணிந்தது. பெண்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. பெண்ணின் உடல் உறவின் பதற்றத்தை அதிகம் வாங்கிக்கொள்கிறது என்ற எண்ணம் இதுபோன்ற ஆய்வுகளால் வலுப்பட்டது. 2014-ல் தியோடர் ரோபிள்சும் சகாக்களும் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள்: 126 கட்டுரைகள், 72,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். மணவாழ்க்கையின் தரத்துக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு இருந்தது. அது பெண்களிடம் உறுதியாகக் கூடுதல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், உறவு கெட்டால் யார் மனம் அதிகம் வாடும் என்ற போட்டியில் வெற்றியாளர் இல்லை. அதனால் பாலினம் பொருட்டே இல்லை என்றாகிவிடாது. அது வேறோரிடத்தில், சோர்வு வெளியே எந்த உருவத்தில் வருகிறது, அதைத் துணை என்னவென்று வாசிக்கிறார் என்பதில் இருக்கிறது.

உலகின் பல நாடுகளில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ இருமடங்கு சோர்வு நோய்க்கு ஆளாவதாகக் கணக்குகள் சொல்கின்றன. சூசன் நோலன்-ஹூக்செமா இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: சோர்வு வரும்போது பெண்கள் அதை அசைபோடுகிறார்கள், ஆண்கள் கவனத்தை வேறெங்காவது திருப்பிக்கொள்கிறார்கள். மாடு விழுங்கிய தீவனத்தை மறுபடி வாய்க்குக் கொண்டுவருவதைப்போல, ஏன் இப்படி ஆனது, அவர் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னார் என்று மனம் திரும்பத் திரும்ப மெல்லும். 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தபோது, அவருக்கு எதிர்பாராத ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையை நிலநடுக்கத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் அளந்து வைத்திருந்தார். நிகழ்வுக்குப் பின் மீண்டும் அளந்தபோது, முன்பே அசைபோடும் பழக்கமுள்ளவர்களிடம் சோர்வு அதிகமாகவும் நீண்டும் நின்றது. உறவுக்குள் இந்தப் பழக்கம் எப்படித் தெரியும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. அசைபோடுபவர் பேச விரும்புவார். நேற்றைய விஷயத்தை இன்றும் எடுப்பார். துணையின் காதில் அது குறை சொல்வதாக விழும்.

ஆணின் சோர்வு இன்னொரு வேடத்தில் வருகிறது. சுவீடனின் கோட்லாந்து தீவில் 1980-களின் தொடக்கத்தில் ஊர் மருத்துவர்களுக்குச் சோர்வு நோயைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தரப் பயிற்சி அளித்தார்கள். தற்கொலைகள் குறைந்தன. வூல்ஃப்காங் ருட்சும் குழுவினரும் கூர்ந்து பார்த்தபோது அந்தக் குறைவு பெரும்பாலும் பெண்களிடையே மட்டும்தான். ஆண்கள் மருத்துவரிடம் வரவில்லை; வந்தவர்களும் துக்கம் என்று சொல்லவில்லை. எரிச்சல், திடீர்க் கோபம், குடி, வேலையில் மூழ்குதல் என்றே அவர்கள் நிலை வெளிப்பட்டது. அவற்றைக் கேட்கும் தனி வினாத்தாளுக்குப் பின்னாளில் அந்தத் தீவின் பெயரே வைக்கப்பட்டது. 2013-ல் லிசா மார்ட்டினும் சகாக்களும் அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பின் தரவுகளை எடுத்து, கோபம், வன்முறை, போதை, ஆபத்தான செயல்களில் இறங்குதல் ஆகியவற்றைச் சோர்வின் அறிகுறிகளாகக் கணக்கிட்டார்கள். அந்த அளவுகோலில் ஆண்கள் 26.3 விழுக்காடு, பெண்கள் 21.9 விழுக்காடு. வழக்கமான அறிகுறிகளையும் இவற்றையும் சேர்த்து எண்ணியபோது இரு பாலருக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு நிற்கவில்லை. கோபத்தையெல்லாம் சோர்வு என்று பெயரிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இராது என்று இதை மறுப்பவர்கள் உண்டு. அந்த மறுப்பில் நியாயமும் உண்டு. என்றாலும், பெண்ணின் சோர்வு அழுகையாகவும் ஆணின் சோர்வு எரிந்து விழுவதாகவும் வீட்டுக்குள் தெரிகிறது என்பதைப் பல மனைவியர் ஆய்வாளர்களுக்கு முன்பே அறிந்திருப்பார்கள்.

அயோவா மாநில விவசாயிகளின் குடும்பங்கள் இதற்குத் தெளிவான சான்று. 1980-களில் அமெரிக்க வேளாண்மை நெருக்கடியில் நில விலை சரிந்தது. கடன் வாங்கியிருந்தவர்கள் நிலத்தை இழந்தார்கள். ராண்ட் காங்கரும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கிராமப்புறத் தம்பதியரை வீடியோவில் பதிவு செய்து அவர்கள் பேசிக்கொள்ளும் விதத்தைக் கவனித்தார்கள். பணநெருக்கடி கணவனின் நடத்தையைக் கடுமையாக்கியது, கனிவைக் குறைத்தது. மனைவி திருமணத்தை எப்படி மதிப்பிட்டாள் என்பது பெரிதும் அந்த நடத்தையைப் பொறுத்திருந்தது. கடன் அவளை நேரடியாகத் தொடுவதற்கு முன் அவன் முகத்தின் வழியாக அவளைத் தொட்டது. இங்கே கணவனின் மனநிலையிலிருந்து உறவுக்கும், உறவிலிருந்து மனைவியின் மனநிலைக்கும் ஒரே சங்கிலி ஓடுகிறது. 1997-ன் இரண்டு அம்புக்குறிகளை ஆண் சுபாவம், பெண் சுபாவம் என்று பிரித்து வைப்பதைவிட, இப்படி ஒரே வீட்டில் அடுத்தடுத்து நடக்கும் இரண்டு நிகழ்வுகளாக வாசிப்பது பொருந்துகிறது. ஆய்வாளர்கள் கணவனின் கோட்டையும் மனைவியின் கோட்டையும் தனித்தனியாக வரைந்ததால்தான் அவை இரு வேறு இயல்புகளாகத் தெரிந்தன என்று எண்ண இடமிருக்கிறது.

விஸ்மனும் லிசா யூபலாக்கரும் லாரன் வைன்ஸ்டாக்கும் 2004-ல் 774 தம்பதியரை வைத்து இதன் ஒரு பகுதியை அளந்தார்கள். ஒருவரின் திருப்தி அவருடைய சொந்தச் சோர்வோடு மட்டுமல்ல, துணையின் சோர்வோடும் சேர்ந்து இறங்கியது. சொந்தச் சோர்வின் பாதிப்பு பெரிது, துணையுடையது சிறிது; ஆனால் அது இல்லாமல் இல்லை.

சோர்வின் இரண்டு உருவங்களும் எதிர்ப்படும்போது உருவாகும் ஆட்டத்தை ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹேவியும் விரிவாக ஆராய்ந்தார்கள். ஒருவர் பேசச் சொல்லி வற்புறுத்துகிறார், மற்றவர் விலகுகிறார். விலக விலக வற்புறுத்தல் கூடுகிறது, கூடக் கூட விலகல் ஆழமாகிறது. வற்புறுத்துபவர் பெரும்பாலும் மனைவி, விலகுபவர் பெரும்பாலும் கணவன் என்பது 1970-களிலிருந்தே கவனிக்கப்பட்டது. பெண்ணின் நச்சரிப்பு, ஆணின் அழுத்தம் என்று இரு தரப்பையும் குணமாகப் பேசுவது வழக்கம். கிறிஸ்டென்சனும் ஹேவியும் 1990-ல் ஒரு எளிய மாற்றம் செய்து பார்த்தார்கள். தம்பதியரை இரண்டு விஷயங்கள் பேசவைத்தார்கள்: மனைவி மாற்றம் விரும்பும் ஒன்று, கணவன் மாற்றம் விரும்பும் ஒன்று. மனைவியின் விஷயம் பேசப்படும்போது பழைய சித்திரம் வலுவாகத் தெரிந்தது. கணவனின் விஷயம் வந்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது. மாற்றம் வேண்டுபவர் துரத்துகிறார். இருப்பதே போதும் என்பவர் ஒதுங்குகிறார். வீட்டில் மாற்றம் வேண்டுபவர் ஏன் அடிக்கடி மனைவியாக இருக்கிறார் என்பதற்கு, சமையல், பிள்ளை, முதியோர் பராமரிப்பு என்று வேலை பங்கிடப்பட்ட விதத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஹார்மோனைத் தேடிப் போகவேண்டிய அவசியம் உடனடியாக இல்லை.

மணமாகாத இளையோரிடம் இந்தப் படம் இன்னும் குழம்புகிறது. காரா ஜாய்னரும் ரிச்சர்ட் உட்ரியும் 2000-ல் அமெரிக்கப் பதின்பருவத்தினர் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைப் பார்த்தபோது, காதலில் நுழைந்தவர்களுக்குச் சோர்வு சற்று கூடியிருந்தது. சிறுமிகளிடம் அந்தக் கூடுதல் அதிகம். சில ஆண்டு மூத்தவர்களிடம் வேறுவிதம். ராபின் சைமனும் ஆன் பாரட்டும் 2010-ல் மயாமி வட்டாரத்து 18 முதல் 23 வயதினரை ஆராய்ந்தார்கள். காதல் இருக்கிறதா, அண்மையில் முறிந்ததா என்பது இளம்பெண்களின் மனநிலையோடு அதிகம் சேர்ந்திருந்தது. நடந்துகொண்டிருக்கும் உறவில் கிடைக்கும் ஆதரவும் உரசலும் இளைஞர்களின் மனநிலையோடு அதிகம் சேர்ந்திருந்தன. உறவின் தரம் பெண்ணைத்தான் பாதிக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது வியப்பு. ஆய்வாளர்கள் தந்த விளக்கம் ஒன்று ஏற்கும்படி இருக்கிறது: பெண்ணுக்கு மனம்விட்டுப் பேசத் தோழியர் உண்டு, இளைஞனுக்குக் காதலிதான் பெரும்பாலும் ஒரே ஆள். ஒரே ஒருவரிடம் மட்டும் மனத்தைத் திறப்பவனுக்கு அந்த ஒருவரோடு வரும் உரசல் எல்லா வாசலையும் அடைத்துவிடும்.

இதையே விரித்து ஐரிஸ் வாரிங், ஜெஃப்ரி சிம்ப்சன், பால் வான் லாங்கே மூவரும் 2024 இறுதியில் காதல் உறவு பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் முக்கியம் என்று வாதிட்டார்கள். துணை தேடும் ஆவல், உறவால் கிடைக்கும் நலம், முறிவை முதலில் கோரும் வீதம், முறிந்தபின் படும் துன்பம் ஆகிய நான்கையும் அடுக்கினார்கள். அமெரிக்காவில் மணவிலக்கைக் கோருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள் என்பது பழைய செய்தி. சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்டு 2015-ல் அதற்கு ஒரு முக்கியமான பின்குறிப்பு சேர்த்தார்: மணமாகாமல் சேர்ந்திருக்கும் இணையர்களில் பிரிவைக் கோருவதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. பெண்ணைத் தளர்த்துவது நெருக்கம் அல்ல, திருமணம் என்ற ஏற்பாட்டில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். பெர்னார்ட் 1972-ல் சொன்னதற்கு இவ்வளவு காலத்துக்குப் பின் இப்படியொரு துணைச்சான்று கிடைக்கிறது.

அந்த இடம் எவ்வளவு கடினமானதாக இருக்கலாம் என்பதை ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிசும் 1978-ல் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களைப் பற்றி எழுதிய நூல் காட்டியது. வாழ்வில் பேரிடி விழுந்த எல்லாப் பெண்களும் சோர்வு நோயில் விழவில்லை. விழ வாய்ப்பு கூட்டியவை நான்கு: மனம்விட்டுப் பேசக்கூடிய நெருக்கம் கணவனிடமோ காதலனிடமோ இல்லாமை, பதினான்கு வயதுக்கு உட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வீட்டில் இருப்பது, வெளியே வேலை இல்லாமை, பதினோரு வயதுக்கு முன் தாயை இழந்தது. உறவு இங்கே தனியாக நிற்கவில்லை. குழந்தைகளோடும் வருமானத்தோடும் கலந்து நிற்கிறது. அதே தெருவில் வாழ்ந்த ஆண்களிடம் இந்தக் கேள்விகள் கேட்கப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இதற்கு நிகரான சான்று கோவாவிலிருந்து வந்தது. விக்ரம் படேலும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாவட்ட மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த 270 தாய்மாரைத் தொடர்ந்தார்கள். குழந்தை பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் 23 விழுக்காட்டினருக்குச் சோர்வு நோய் இருந்தது. வறுமையும், கணவனோடு சரியில்லாத உறவும் வலுவான காரணிகளாக நின்றன. குழந்தை பெண்ணாக இருந்தால், கணவனின் வன்முறையும் பசியும் தரும் ஆபத்து மேலும் கூடியது. ஆண் குழந்தை ஓரளவு கவசமானது. ‘மணவாழ்க்கைத் திருப்தி’ என்று வினாத்தாளில் ஒற்றை எண்ணாக விழுவதற்குள் அடி, பசி, மாமியார் வீட்டின் எதிர்பார்ப்பு எல்லாம் ஒளிந்திருக்கக்கூடும். நியூ ஹேவனில் அளந்த அதிருப்தியும் கோவாவில் அளந்த அதிருப்தியும் ஒரே பொருள் என்று கருதுவது அவசரம். அடிபடும் பெண்ணின் சோர்வை உறவு உளவியலின் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்வதும் தவறு.

சிகிச்சையின் வரலாறு இந்தச் சிக்கலுக்கு நடைமுறை முகம் தருகிறது. ஓ'லியரியும் பீச்சும் 1990-ல், நீல் ஜேக்கப்சனும் சகாக்களும் 1991-ல், சோர்வுற்ற மனைவியரைக் கொண்டு சோதனைகள் நடத்தினார்கள். சிலருக்குத் தனியாக, எண்ணப்போக்கை மாற்றும் அறிதல் சிகிச்சை. சிலருக்குக் கணவனையும் அழைத்து இணையர் சிகிச்சை. திருமணத்தில் பிணக்கு இருந்தவர்களுக்கு இரண்டுமே சோர்வைக் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குறைத்தன. திருமணத்தைச் சீர்செய்தது இணையர் சிகிச்சை மட்டும்தான். மனைவியின் சோர்வு தெளிந்தபின்னும் பிணக்கு அப்படியே இருந்த வீடுகள் உண்டு என்பதால், சோர்ந்த கண்ணுக்கு மட்டும்தான் உறவு கசப்பாகத் தெரிகிறது என்ற விளக்கம் அங்கே செல்லவில்லை. மறுபக்கம், பிணக்கே இல்லாத தம்பதியரில் மனைவியின் சோர்வுக்கு இணையர் சிகிச்சை தனிச் சிகிச்சையின் அளவுக்கு உதவவில்லை. சோர்வு எல்லாமே வீட்டிலிருந்து வருவதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜில் ஹூலியும் ஜான் டீஸ்டேலும் 1989-ல் கண்டது இவற்றைவிட எளிய கருவி. சோர்வு நோய்க்கு ஆளான மணமானவர்களிடம், உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை கூறுகிறார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு ஒன்று முதல் பத்துக்குள் எண் சொல்லச் சொன்னார்கள். அடுத்த ஒன்பது மாதத்தில் யாருக்கு நோய் திரும்பும் என்பதை அந்த ஒற்றை எண் நீண்ட பேட்டிகளைவிட நன்றாகவே முன்னறிவித்தது. துணை உண்மையில் எவ்வளவு குறை கூறினார் என்பதைவிட நோயாளிக்கு எவ்வளவு உறைத்தது என்பதே இங்கே அளக்கப்பட்டது.

லண்டனில் ஜூலியன் லெஃப் தலைமையில் நடந்து 2000-ல் வெளியான சோதனை, குறை கூறும் துணையோடு வாழ்ந்த நோயாளிகளை எடுத்துக்கொண்டது. இதில் ஆண் நோயாளிகளும் இருந்தார்கள். இணையர் சிகிச்சையில் சேர்ந்தவர்களைவிட மாத்திரை பெற்றவர்கள் அதிகமாகப் பாதியில் நின்றுவிட்டார்கள். சோர்வு குறைவதிலும் இணையர் சிகிச்சை முந்தியது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் பின்னால் வந்த தொகுப்பாய்வு நிதானமாகவே பேசுகிறது: சோர்வைக் குறைப்பதில் இணையர் சிகிச்சைக்கும் தனிச் சிகிச்சைக்கும் பெரிய வேறுபாடு இல்லை, உறவின் துன்பத்தைக் குறைப்பதில் இணையர் சிகிச்சை மேல், சான்றுகளின் தரம் மட்டும் தாழ்வு. பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதலில், உறவுச் சிக்கல் சோர்வுக்குக் காரணமாகத் தோன்றும் இடத்திலோ துணையைச் சேர்ப்பது உதவும் என்று தோன்றும் இடத்திலோ இணையர் சிகிச்சை ஒரு தேர்வாக இடம்பெற்றிருக்கிறது. அதைப் பெறுவதற்கான நிபந்தனையில் நோயாளி ஆணா பெண்ணா என்ற கேள்வி இல்லை. ஆனால் அந்தச் சிகிச்சையின் அடிப்படைச் சோதனைகளில் நோயாளி நாற்காலியில் பெரும்பாலும் மனைவிதான் உட்கார்ந்திருந்தாள். சோர்ந்த கணவனோடு மனைவி உடன் வந்து உட்கார்ந்த சோதனைகள் இன்றும் சொற்பமே.